மூன்றாம் மணிக்கு ஒரு சாண்

நொய்யலுக்கு வடக்கே, மில் சங்கு ஊதினால் ஊரே எழுந்து நடக்கிற அந்த நகரத்தில், கொட்டகை வீதி ஏன் நூல் பிடித்தாற்போல் நேராக இல்லாமல் நடுவில் ஓரிடத்தில் இடுப்பை வளைத்துக்கொண்டு போகிறது என்று கேட்டால், அங்கே இருக்கிறவர்கள் இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்துவிட்டு, கொண்டய்யா நாடகக் கம்பெனிக் கொட்டகை நடந்து போன தடம் அது, பழனியாத்தாள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த வீட்டை இடிக்க மனசில்லாமல் கொட்டகை ஒதுங்கிப் போன வளைவு அது என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கொட்டகை நடந்தது உண்மைதான். ஒவ்வொரு நாள் சாயங்காலமும், ஆட்டம் தொடங்குமுன் அடிக்கிற மூன்று மணிகளில் மூன்றாவது மணி அடித்துப் படுதா மேலே போகிற நேரத்தில், எண்பதடி நீளமும் நாற்பதடி அகலமும் செங்கல் சுவரும் தகரக் கூரையுமான அந்தக் கட்டடம், மாடு முதல் அடி எடுத்துவைக்கும்போது வண்டி அசைகிற மாதிரி ஒருமுறை அசைந்து, மேடைப் பக்கத்தை முன்னால் வைத்து, வடகிழக்காக ஒரு சாண் நகரும். உள்ளே இருப்பவர்களுக்குக் கையிலிருக்கும் சோடா லேசாகத் தளும்பும், அவ்வளவுதான். நேரங்கழித்து வந்து வாசலில் நிற்பவர்கள் ஓர் எட்டு கூட எடுத்துவைக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்கு நடையும் கிடையாது.

அதைத் தினமும் அளந்தவள் சேஷம்மா. கொண்டய்யாவின் மூத்த பெண், முப்பத்தெட்டு வயது. பெண்கள் வாசலில், பாதி இழுத்துவிட்ட கித்தான் திரைக்குப் பின்னால் நின்று உள்ளே போகிற தலைகளை எண்ணுவது அவள் வேலை. நானூற்றுப் பன்னிரண்டு என்று அவள் சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டுதான். இடுப்பில் இருக்கிற கைக்குழந்தை தனிக்கணக்கு. பழக்கமில்லாத யாராவது பேச்சுக் கொடுத்தால் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வாள். காலையில் குளித்ததும் மேடைச் சுவருக்கு வெளியே போய், முந்தின நாள் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டின்மேல் சுவர் எவ்வளவு ஏறி வந்திருக்கிறது என்று வலது கையை விரித்து அளந்து, புதுக் கோடு போட்டுவிட்டு வருவாள். கொண்டய்யா ராஜா வேஷத்துச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

“இன்னைக்கு எவ்வளவு, அம்மாயி?”

“ஒரு சாண், நாயனா.”

“சரி” என்பார், மகளுக்குக் கணக்குத் தப்பாது என்கிற திருப்தியோடு.

நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கூடாரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட குடும்பம் அது. வீட்டில் தெலுங்கு, அப்பா நாயனா, பெண் அம்மாயி; மேடையில் தமிழ். சேஷம்மா பிறந்ததே கூடாரத்தில்தான். இந்த ஊருக்கு வருமுன் அறுபத்து மூன்று ஊர்களில் இருந்திருக்கிறாள், எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. இரண்டு முறை அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. இரண்டு முறையும் பேச்சு முடிவதற்குள் கூடாரம் பிரிக்கப்பட்டுவிட்டது. அதற்கெல்லாம் அவள் அழுததாக யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போகிற ஊரிலெல்லாம் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவைப்பாள். அது பிஞ்சு விடுவதற்குள் வண்டி கட்டியாகிவிடும். தன் கையால் நட்ட முருங்கையின் காயைத் தன் அடுப்பில் வைத்துச் சாப்பிடும் அளவுக்கு ஓர் ஊரில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மில் ஊரில் கூட்டம் குறையவே இல்லை. பகல் ஷிப்டு முடிந்தவர்கள் ஒருநாள், ராத்திரி ஷிப்டுக்காரர்கள் லீவு போட்டுக்கொண்டு மறுநாள் என்று வந்தார்கள். கூடாரம் தீப்பிடிக்கும், செங்கல் கொட்டகை கட்டினால்தான் அனுமதி என்று முனிசிபாலிட்டி சொன்னபோது, வெளியூர்க் கூத்தாடிகளுக்கு ஊருக்குள் யாரும் இடம் கொடுக்காததால், சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்தில் வெறுங்காட்டை வாங்கிக் கொண்டய்யா கொட்டகை கட்டினார். கட்டி முடித்த அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது. கூடாரத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு.

கூடாரம் அடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வடகிழக்கு மூலையில் கடைசியாக அடிக்கிற வேலமரத்து முளையை முழுக்க இறக்க மாட்டார்கள். ஒரு சாண் மண்ணுக்கு மேலே தெரிய விட்டுவிடுவார்கள். முழுக்க இறக்கினால் நாம் இந்த ஊரைவிட்டுப் போகப் போவதில்லை என்று மண்ணுக்குச் சொன்னதாகிவிடும். செங்கல் சுவருக்கு முளை எதற்கு என்று கொத்தனார் சிரித்தார். கொண்டய்யா அதைக் காதில் வாங்காமல், வடகிழக்கு மூலையில் பழைய முளையை நட்டு, ஒரு சாண் மேலே விட்டு, சுவரிலிருந்த இரும்பு வளையத்தோடு கயிறு போட்டுக் கட்டினார். அன்று சாயங்காலம் மூன்றாம் மணிக்குக் கொட்டகை நடந்தது. முளையும் கூடவே நடந்தது, எப்போதும் அதே ஒரு சாண் மேலே தெரிய.

ஊர் முதல் வாரம் பார்த்தது. இரண்டாம் வாரம் அதற்கு ஏற்றபடி ஆகிவிட்டது. தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தகரக் கூரை எங்கே தெரிகிறதோ அங்கே கொண்டுபோய்க் கடிதத்தைக் கொடுத்தார். எந்த வார்டில் சேர்ப்பது என்று முனிசிபாலிட்டியில் மூன்று கூட்டம் போட்டு, ஏப்ரல் முதல் தேதி காலையில் மேடை எந்த வார்டில் இருக்கிறதோ கொட்டகையும் அந்த வார்டு என்று தீர்மானம் போட்டார்கள். மில் பெண்கள், “கொட்டாயி வேப்பமரத்தத் தாண்டுன வருசம் பொறந்தவன்” என்று பிள்ளைகளின் வயதைச் சொன்னார்கள். வழியில் ஒரு பொதுக்கிணறு இருந்தது. அதன்மேல் கொட்டகை ஏறிவிடும் என்று எல்லோரும் பயந்திருக்க, அது கிணற்றை வயிற்றுக்குள் வாங்குவதுபோல மெதுவாக வாங்கிக்கொண்டது. கிணறு முதலில் மேடைக்கு அடியில் இருந்தது. அந்த நாட்களில் ராஜா பாடினால் பாதாளத்திலிருந்து இன்னொரு ராஜா கூடவே பாடினார். அந்த எதிரொலிக்காகவே பொள்ளாச்சியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு கிணறு பெண்கள் பக்கத்துக்கு வந்தது. தண்ணீருக்கு வந்தவர்கள் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தார்கள், ஆட்டம் பார்க்க வந்தவர்கள் ஒரு குடம் சேந்திக்கொண்டு போனார்கள். நூற்றேழு ஆட்டம் கழித்துக் கிணறு முன்வாசல் வழியாக வெளியே வந்தது. அதன் தண்ணீர் கொஞ்சம் இனிப்பாக மாறியிருந்தது என்று சொல்வார்கள். சேஷம்மா குடித்துப் பார்த்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கொட்டகை வாசலை நம்பி வந்தவர்களும் அப்படித்தான். பாலக்காட்டிலிருந்து டீக்கடை போட வந்த குட்டன் நாயர், முதல் வருஷம் ஒவ்வொரு வாரமும் பாய்லரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் துரத்தினார். பிறகு அலுத்துப்போய் நின்ற இடத்திலேயே சுவர் எழுப்பிவிட்டார். கொட்டகை அவரைத் தாண்டிப் போனது. ஆனால் கொட்டகைக்குப் போகிறவர்கள் அவர் கடையைத் தாண்டித்தானே போக வேண்டும்? அடுத்து வேஷத் துணி தைக்கிற மராட்டிக் குடும்பம் அலுத்துப்போன இடத்தில் தையல் கடை வந்தது. கட்ச் தேசத்திலிருந்து வந்த தேவ்ஜி சேட்டு ஜவுளி மூட்டையை இறக்கிய இடத்தில், அண்ணன் தம்பிகள் சேர்ந்து பயாஸ்கோப் கொட்டகை கட்டினார்கள்; அதைப் பார்த்து ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று எதிர்ச்சாரியில் இன்னொன்று கட்டியது. இப்படி ஒவ்வொரு வெளியூர்க் குடும்பமும் அலுத்து உட்கார்ந்த இடம் ஒவ்வொன்றும் கடையாகி, கடைகள் சேர்ந்து வீதியாகி, ஏழு வருஷத்தில் அந்த நகரத்துக்குச் சாயங்காலம் என்றால் அந்த வீதிதான் என்று ஆகிப்போனது.

அலுக்காமல் நடந்தது கொட்டகை மட்டுந்தான். சேஷம்மா வருஷத்துக்கு ஒரு முருங்கைக் கொம்பைப் பெண்கள் வாசலுக்குப் பக்கத்தில் நடுவாள். அது பூக்கிற காலத்தில் கொட்டகை முக்கால்வாசி வீதி தள்ளிப் போயிருக்காவிட்டாலும், இன்னொருவர் வாசலுக்கு அது சொந்தமாகிப்போகும் அளவுக்குத் தள்ளிப் போயிருக்கும். ஏழு மரங்கள், எழுபத்தெட்டு கஜத்துக்கு ஒன்றாக, வீதியின் இடது பக்கம் நின்றன. நிலக்கடலை விற்கிற தொளசாத்தாள்தான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

“ஏனம்மிணி, வருசா வருசம் நட்டு நட்டு எங்களுக்கே குடுத்துப்போட்டுப் போறயே? முருங்கை நட்டவன் வெறுங்கையோட போவான்னு சொல்லுவாங்கொ. நீ முருங்கையையும் உட்டுப்போட்டு வெறுங்கையோடயும் போற. உன்ற மாதிரி ஏமாளிய நாம் பாத்ததில்ல, போ.”

சேஷம்மா திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்பாள்.

எட்டாம் வருஷம் ரயில்வேயிலிருந்து காகிதம் வந்தது. அதைக் கையோடு கொண்டுவந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஆட்டம் பார்க்கத் தவறாதவர், ரொம்பவும் சங்கடப்பட்டார். கொட்டகைக்கு நேர் எதிரே தண்டவாளம். இடையில் தொண்ணூறு சாண்தான் இருந்தது. பதினெட்டுச் சாணுக்குள் கொட்டகை வந்துவிட்டால் அதை இடித்துவிட வேண்டும் என்று காகிதம் சொன்னது.

“பாட்டு வர்ற நேரத்துல ஊதாம போகச் சொல்லி டிரைவர்கிட்டச் சொல்லலாம், சொல்லியும் இருக்கேன்” என்றார் அவர். “ஆனா ரயில் ஒதுங்கிப் போகாதே, கொண்டய்யா காரு. இது எங்கேதான் போகுது?”

“ஊருக்கு” என்றார் கொண்டய்யா. “நெல்லூர் அந்தப் பக்கந்தானே?”

ஸ்டேஷன் மாஸ்டருக்கு மைல் தெரியும், சேஷம்மாவுக்குச் சாண் தெரியும். இருவரும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். திங்கட்கிழமைகளைக் கழித்தால், கொட்டகை நெல்லூர் போய்ச்சேர ஒன்பதாயிரத்து இருபத்தாறு வருஷம் ஆகும் என்று வந்தது.

“அவசரம் ஒண்ணுமில்ல” என்றார் கொண்டய்யா.

ஆனால் தொண்ணூறில் பதினெட்டுப் போனால் எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு ஆட்டம், பன்னிரண்டு வாரம்.

அவள் தம்பி மங்கபதிதான் ராஜா வேஷம் கட்டுபவன், மணி அடிப்பவனும் அவனே. அவன் ஒரு யோசனை செய்தான். மூன்றாம் மணி அடித்தால்தானே நடக்கிறது, இரண்டோடு நிறுத்திவிடலாம் என்று, அன்று இரண்டு மணி அடித்துப் படுதாவைத் தூக்கச் சொல்லி, நேராக மேடைக்கு வந்து முழங்கினான். யாரும் வாய் மூடவில்லை. கடலையை உரித்துக்கொண்டும் பக்கத்து வீட்டுச் சங்கதி பேசிக்கொண்டும் இருந்தார்கள். ராஜா இரண்டாம் முறை முழங்கினார்.

“மூணாவது மணி இன்னும் அடிக்கலீங்க” என்றார் முன்வரிசைக்காரர், மரியாதையாக.

“ஆட்டம் ஆரம்பிச்சாச்சய்யா!”

“அதெப்படீங்க? மணி அடிக்கலீங்களே. ராசா, பேச்செல்லாம் அப்பறம் வெச்சுக்கலாங்க. மொதல்ல போயி மணிய அடிங்க.”

ஒரு மணி நேரம் நானூற்று எழுபது பேரும் கோபமே இல்லாமல் காத்திருந்தார்கள். கடைசியில் ராஜா கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி மூன்றாம் மணியை அடித்தார். சோடா தளும்பியது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்து அமைதியானது.

முளையை முழுக்க இறக்கிவிட்டால் கொட்டகை நிற்கும் என்பது வீதியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கம்பெனியில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன், நெல்லூர்ச் சீமையிலேயே, சூளூர்ப்பேட்டையில், புயல்காற்றில் கூடாரம் பறந்துவிடுமோ என்று பயந்து கொண்டய்யா கடைசி முளையை முழுக்க அடித்து இறக்கினார். ஐந்தாம் நாள் அவர் பெண்சாதி, சேஷம்மாவின் அம்மா, காய்ச்சலில் போய்விட்டாள். புறப்படும்போது முளை பிடுங்க வரவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு, அவளையும் முளையையும் அந்த மண்ணிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். முழுக்க இறக்கிய முளை ஓர் ஆளைக் கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. அவர் யாரை நினைத்துப் பயந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், சேஷம்மாவுக்கும் தெரியும்.

பாக்கி ஆட்டம் ஐம்பது ஆனது. முப்பது ஆனது. வீதியில் ஒவ்வொருவராக வந்து சிம்மாசனத்துக்கு எதிரே நின்று ஏதோ சொல்ல வாயெடுத்து, காப்பி நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு ஆட்டம்தான் பாக்கி என்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில், சேஷம்மா அளந்துவிட்டு வந்தாள்.

“இன்னைக்கு எவ்வளவு, அம்மாயி?”

“ஒரு சாண். நாயனா, முளைய அடிச்சிடலாம்.”

கொண்டய்யா டம்ளரைக் கீழே வைத்தார். “உங்கம்மாவை மறந்துட்டியா?”

“மறக்கல. அம்மாவ முளை எடுத்துக்கல நாயனா, காய்ச்சல் எடுத்துக்கிச்சு. அப்ப எனக்கு எட்டு வயசு. வைத்தியர் வர்றதுக்கு நாலு நாள் ஆச்சு. நான் எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். நாம அந்த ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகல. யார் பேரும் நமக்குத் தெரியல. எந்த வீட்டுக் கதவைத் தட்டி வைத்தியர் எங்கேன்னு கேக்கறதுன்னு தெரியாம நீங்க தெருவுல நின்னுக்கிட்டிருந்தீங்க.” ஒரே மூச்சில் இவ்வளவு அவள் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. “இந்த வீதியில நூத்தி நாப்பத்தோரு பேர எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். மண்ணு ஒரு ஆளக் கேட்டா என்னை எடுத்துக்கட்டும். சாகறதுக்கு இல்ல. இருக்கறதுக்கு.”

காப்பி ஆறிப்போனது. அன்று சாயங்காலம் மூன்றாம் மணி அடித்தது, கொட்டகை ஒரு சாண் நடந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்து மில் முதல் சங்கு ஊதியதும் சேஷம்மா முளை அடிக்கிற கூடாரக் காலத்து மரக் கொட்டாப்புளியைப் பெட்டியிலிருந்து எடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வடகிழக்கு மூலைக்குப் போனாள். திரை எதுவும் இல்லாமல் அவள் வெட்டவெளியில் நின்றதை வீதி அன்றைக்குத்தான் பார்த்தது. ஓங்கி அடித்தாள். முளை அசையவில்லை. எட்டு வருஷம் வெயிலில் காய்ந்த வேலமரம். இருபது அடிக்கு இரண்டு விரற்கடை இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டு, பாய்லரில் கரி போட்டுக்கொண்டிருந்த குட்டன் நாயர் கரிக்கையோடு வந்து, “இங்கட்டுத் தா, சேச்சி” என்று வாங்கி அடித்தார். தேவ்ஜி சேட்டு வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியதால் மூன்று அடியோடு நிறுத்தச் சொன்னார்கள், அவர் கேட்காமல் நான்கு அடித்தார். தையற்காரர்கள், ரங்கூன்காரர்கள், சோடாக்காரர், மில்லுக்குப் போகிற வழியில் டிபன் தூக்கோடு நின்றவர்கள் என்று வரிசையாக வந்தார்கள். தொளசாத்தாள் கடலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “நவுருங்க, ஆம்பளைங்க அடிக்கிற லட்சணத்தப் பாரு, மாவிடிக்கிற மாதிரி” என்று வாங்கி ஒரே போடாகப் போட்டாள், அரை விரற்கடை இறங்கியது.

மேலே ஒரே ஒரு விரற்கடை மிச்சமிருந்தபோது, கொட்டாப்புளி திரும்பவும் சேஷம்மாவின் கைக்கு வந்தது. அடிக்க ஓங்கினவள் நிறுத்தினாள். கொண்டய்யா நடந்து வந்துகொண்டிருந்தார்.

கூடாரத்தில் முளை அடிப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முளையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடிப்பார். குறி தப்பினால் பிடித்திருப்பவரின் விரல் போய்விடும். அதனால் நம்பிக்கையுள்ள கைக்குத்தான் பிடிப்பார்கள். நாற்பது வருஷம் கொண்டய்யா அடிக்கிறவராகவே இருந்தவர், யாருக்கும் பிடித்ததில்லை. மண்ணில் அவ்வளவு ஆழம் போய்விட்ட முளையைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவர் முழங்காலில் கையூன்றி மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த அந்த ஒரு விரற்கடையை, இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து அடி, அம்மாயி.”

சேஷம்மா பார்த்து அடித்தாள்.

மறுநாள் மூன்றாம் மணி அடித்தபோது கொட்டகை அசையவில்லை. கையிலிருந்த சோடாவை எல்லோரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடைச் சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பத்தொன்பது சாண். அதற்கு மறுநாளும் பத்தொன்பது. கொண்டய்யா தினமும் கேட்டார், “இன்னைக்கு எவ்வளவு?”

“ஒண்ணுமில்ல, நாயனா.”

“இன்னொரு தடவை அளந்து பார்.”

அவள் போய் இன்னொரு தடவை அளந்துவிட்டு வருவாள்.

ஐந்தாம் நாள் சேஷம்மாவுக்கு லேசாகத் தும்மல் வந்தது. அந்த ஒரே மத்தியானத்தில் வீதிக்காரர்கள் மூன்று வைத்தியர்களைக் கூட்டிவந்துவிட்டார்கள். நாட்டு வைத்தியரும் இங்கிலீஷ் வைத்தியரும் வாசலில் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டு நிற்க, குட்டன் நாயரின் வீட்டிலிருந்து சுக்குக் கஷாயம் வேறு வந்தது. தும்மல் சாயங்காலத்தோடு நின்றுவிட்டது. அந்த வருஷம் வீதியில் செத்துப்போனது தேவ்ஜி சேட்டின் கிளி ஒன்றுதான். அதற்கும் வயது இருபத்தாறு.

எட்டாவது முருங்கைக் கொம்பு பெண்கள் வாசலிலேயே நின்றது. தளிர்த்தது, கொட்டகை அதைவிட்டுப் போகவில்லை. பூத்தது, போகவில்லை. பிஞ்சு விட்ட நாளிலிருந்து தொளசாத்தாள் தினமும் வந்து கண் வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் காலையில் சேஷம்மா வழக்கம்போலக் குளித்துவிட்டு வெளியே போனவள், திரும்பி வர நேரமானது. கொண்டய்யா சிம்மாசனத்தில் உட்கார்ந்து, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இன்னைக்கு எவ்வளவு, அம்மாயி?”

“பதினொண்ணு, நாயனா.”

அவர் திடுக்கிட்டு எழுந்தேவிட்டார். தண்டவாளம் இருக்கிற பக்கம் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம்தான் மகளின் மடியைப் பார்த்தார். சேஷம்மா ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் அடுக்கினாள், நீளமானது அந்தக் கடைசியில், குட்டையானது இந்தக் கடைசியில். கொண்டய்யா திரும்பவும் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டுத் தாமே ஒருமுறை எண்ணினார். பதினொன்றுதான்.

“குழம்பு வையி” என்றார். “தொளசாத்தாளுக்கு ரெண்டு குடு, இல்லேன்னா பேசியே கொன்னுடுவா.”